பத்து ஆம்பியர் சிவப்பு

“சார், பிரேக்கோட ஏ.பி.எஸ். லைட்டு எரியுதுங்க.”

ரிஃபானா மூன்றாவது முறையாகச் சொன்ன பிறகுதான் தங்கராஜ் பேச்சை நிறுத்தினார். காரை நிறுத்த இன்னும் அரை கிலோமீட்டர் ஆனது.

பேச்சு அவருடைய கண்ணைப் பற்றியது. துணியின் நிறம் பார்த்து ஓகே சொல்வதில் திருப்பூரில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பதினெட்டு வருடமாக அவரே சொல்லி வருகிறார். அவர் கையெழுத்து விழுந்தால்தான் சாயம் போட்டு வந்த லாட்டு தையலுக்குப் போகும். ரிஃபானா மூன்று வருடமாக அவருடைய அசிஸ்டென்ட். ஒவ்வொரு லாட்டுக்கும் முதலில் அவளை நிறம் சொல்லச் சொல்லி, பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

கம்பெனி சேவூரில் புதிதாகத் தொடங்கும் சாயப்பட்டறைக்கு, நிறம் பார்த்து ஓகே சொல்ல ஒரு ஷேடு இன்சார்ஜ் வேண்டும். முதலாளி கிட்டுசாமி, ரிஃபானாவின் பெயரை எழுதி வைத்திருந்தார். தங்கராஜ் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோரு மணிக்கு அங்கே முதலாளி அதைத்தான் கேட்கப்போகிறார். அவிநாசி தாண்டியாகிவிட்டது. என்ன சொல்லப்போகிறார் என்பதை மட்டும் தங்கராஜ் மூச்சுவிடவில்லை.

“மெக்கானிக்கைக் கூப்புடட்டுங்களா சார்?”

“எதுக்கு? ஃபியூஸ் போயிருக்கும். தங்கராஜ் இருக்கறப்ப மெக்கானிக் எதுக்கு?” தன் பெயரைத் தானே சொல்லும்போது அவர் குரலில் தனி மரியாதை இருந்தது.

இன்ஜினை அணைத்து, பானெட்டைத் தூக்கினார். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மூடிக்குள், எந்த ஃபியூஸ் எதற்கு என்று கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. உபரியாக நாலைந்து ஃபியூஸ்களும் அங்கேயே செருகியிருந்தன.

ரிஃபானா படித்துச் சொன்னாள். “ரெண்டாவது வரிசைல நாலாவதுங்க. பத்து ஆம்பியர்.”

பிளாஸ்டிக் இடுக்கியால் அதைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். உள்ளே கம்பி அறுந்து கருகியிருந்தது.

“நான் சொன்னேனில்ல? சரி, இது என்ன நெறம்? சொல்லு பாக்கலாம்.”

ரிஃபானாவுக்கு நடுரோட்டில் இன்டர்வியூ தொடங்கிவிட்டது.

“சிவப்புங்க சார்.”

“என்ன சிவப்பு?”

“தக்காளிச் சிவப்புங்க.”

“எந்தத் தக்காளி? நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா? மூணு வருசமா இதைத்தானம்மா சொல்றேன். உன் கண்ணு இன்னும் பழுக்கலை.”

“பழுத்தா எப்படிங்க சார் தெரியும்?”

“நான் சொல்லுவேன். உனக்கு முன்னாடி இருந்த வாசிமுக்கு ஏழு வருசம் சொல்லிக் குடுத்தேன். கடைசி வரைக்கும் பழுக்கலை. பல்லடத்துல கோழிப்பண்ணை வெக்கப் போயிட்டான்.”

வாசிம் இப்போது ரெண்டு பண்ணை வைத்திருக்கிறான்.

“ஃபியூஸ் மேலயே நம்பர் போட்டிருக்குமுங்க சார். பத்துன்னு பாத்து...”

“கண்ணாடி ஆபீஸ்ல கெடக்கு. நம்பர் பாத்து மாட்டறது எலக்ட்ரீஷியன் வேலை. நாம நெறத்துல பொழைக்கறவங்க.”

மூடியிலிருந்து ஒன்றை உருவினார். பழையதையும் புதியதையும் ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். துணி வாங்க வரும் ஜெர்மனிக்காரர்களே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் கோலம் அது.

“அசல் மேட்ச்! ஒரே லாட்டு!”

ரிஃபானா எட்டிப் பார்த்தாள். அவர் உருவியிருந்தது பச்சை. முப்பது ஆம்பியர்.

இதுவும் டெஸ்ட்டாக இருக்கும் என்று காத்திருந்தாள். அவர் குனிந்து அதைச் செருகவே போய்விட்டார். சொன்னால் கோபத்தில் சேவூர் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அதிகக் கரண்ட் பாய்ந்து பிரேக் வயர் கருகிப்போகும். அதே காரில்தான் அவளும் போயாக வேண்டும்.

“சார், அது பச்சைங்க.”

தங்கராஜின் கை அப்படியே நின்றது. “தெரியும். நீ கவனிக்கறயான்னு பாத்தேன். சரி, நீயே எடு.”

அவள் மூடியிலிருந்து சிவப்பு ஒன்றை எடுத்தாள். அவர் கையிலிருந்த பச்சையையும் வாங்கினாள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் குலுக்கி நீட்டினாள்.

“நீங்களே எடுத்து மாட்டுங்க சார்.”

தங்கராஜ் ஒன்றைத் தொட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மற்றதைத் தொட்டு, மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தார். ரிஃபானா முகத்தைத் துடைத்துவைத்த மாதிரி வைத்திருந்தாள். ஒரு தனியார் பஸ் காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் நெற்றியில் வேர்த்தது.

“ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தாம்மா தெரியுது,” என்றார் கடைசியில். “பொறந்ததுல இருந்தே. மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாதே.”

ரிஃபானாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. சிவப்பை எடுத்து அவளே மாட்டினாள். சாவியைத் திருப்பிப் பார்த்தாள். ஏ.பி.எஸ். லைட்டு எரிந்து அணைந்தது.

“நான் எதுக்குங்க சார் சொல்றேன்? நீங்க சேவூருக்குச் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்.”

“அதை மட்டும் கேக்காதே.” மூன்று வருடத்தில் முதல்முறையாக அவர் குரல் கெஞ்சியது. “வாசிம் போனப்பவே, நீ வர்ற வரைக்கும் ஒன்றரை மாசம் இடுப்பு வலின்னு ஊட்டுல படுத்துக் கெடந்தேன். இப்ப உன்னையும் அனுப்பிட்டா, நான் எந்தக் கண்ணுல பாக்கறது, கண்ணு?”