பார்வோன் தின்ற பாடத்திட்டம்

பார்வோன் ஜூன் மாதத்தைத் தின்றுகொண்டிருந்தது.

ஜனவரியிலிருந்து மே வரை ஏற்கெனவே வயிற்றுக்குள் போய்விட்டது. அன்னம்மாள் புழக்கடைக்கு ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்து இழுப்பதற்குள் நவம்பர் வரை போய்விட்டது. அவள் கையில் மிஞ்சியது டிசம்பர் மட்டும். ஒரு சாண் அகலம்.

பார்வோன் அவள் வீட்டு நாய். எத்தனை தண்டித்தாலும் மனம் இளகாததால் அவளே வைத்த பெயர்.

அது தின்றது, ஒரு வருஷத்துப் பாடத்திட்டம்.

ஐப்பசி மழையில் பேட்டைப் பள்ளிக்கூடத்தின் கூரை விழுந்துவிட்டது. புதுக் கூரை வர ஒரு வருஷமாகும். அதுவரை பிள்ளைகளை வேலூர் போர்டிங்கில் விடலாம் என்றார் போதகர். ஐந்தையும் அனுப்பிவிட்டு இந்த வீட்டில் தனியாக என்ன செய்வது என்று அன்னம்மாளுக்கு அழுகை வந்தது. நானே வீட்டில் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் எட்டாவது வரை படித்தவள்.

"வயசு அஞ்சும் அஞ்சு விதமாச்சேம்மா. எப்படி நடத்துவே? வருஷம் முழுசுக்கும் எழுதிக் காட்டு, பாக்கலாம்," என்றார் போதகர்.

மூன்று வாரம் எழுதினாள். முதலில் காகிதத்தில் எழுதியதைக் கடைசிப் பையன் கப்பல் செய்து குட்டையில் விட்டான். ஆகவே, ஆம்பூரில் கணவன் மேஸ்திரி வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து, ஓட்டை விழுந்ததென்று முதலாளி அமீர் பாஷா ஒதுக்கிய ஆட்டுத்தோல் ஒன்றை வாங்கி வரச் சொன்னாள். கடுக்காய் மையில், பன்னிரண்டு மாதங்களும் அடுத்தடுத்து, வயதுக்கு ஒரு வரிசையாக எழுதினாள்.

ஜனவரிக்கு நோவா. பதின்மூன்று வயது எஸ்தர் பேழையின் நீள அகலத்தைப் பெருக்க வேண்டும். பதினொன்று, உள்ளே போன மிருகங்களின் பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எட்டு, அவற்றின் கால்களைக் கூட்ட வேண்டும். ஆறு, 'மழை' என்று ஐம்பது முறை எழுத வேண்டும். மூன்று, மிருகங்களின் சத்தத்தைப் போட வேண்டும். மெதுவாக.

பிப்ரவரிக்கு எகிப்தின் வாதைகள். பேன் வாதை வரும் வாரம் எல்லாருக்கும் தலை வாரப்படும்.

போதகர் இன்று நான்கு மணிக்கு அதைப் பார்க்க வருகிறார்.

அன்னம்மாள் டிசம்பரை மூக்கருகே கொண்டுபோனாள். கறிக்குழம்பு வாசனை. யாரோ வேண்டுமென்றே தடவியிருக்கிறார்கள்.

ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கைகளை முகர்ந்தாள். எஸ்தர் கையில் சோப்பு. இரண்டாவது பிள்ளை கையில் மண். மூன்றாவது கையில் புளி. நான்காவது கையில் இன்னதென்று சொல்ல முடியாத ஒன்று, ஆனால் குழம்பில்லை. கடைக்குட்டி கையில் வெல்லம்.

கணவன் தேவசகாயம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றிருந்தான்.

அப்போது போதகர் உள்ளே வந்து ஆசீர்வதிக்கக் கை நீட்டினார். அன்னம்மாள் முகர்ந்துகொண்டு வந்த வேகத்தில் அதையும் முகர்ந்துவிட்டாள்.

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, போதகர் முகம் வேலூர்ப் பக்கம் திரும்புவது தெரிந்தது.

எஸ்தர் எழுந்து நின்றாள். "ஜனவரி. நோவா. பேழையோட நீளம் முந்நூறு முழம்."

அடுத்தவன் மிருகங்களைச் சொன்னான். அதற்கடுத்தவள் கால்களைக் கூட்டினாள். மூன்று வாரமாக அம்மா எழுதும்போதெல்லாம் வாய்விட்டுப் படித்ததில், தங்களுக்கு வரப்போகும் துன்பம் அத்தனையும் அவர்களுக்கு மனப்பாடமாகியிருந்தது. மாதம் தவறாமல், வயது தவறாமல் வந்தது. கடைக்குட்டி மட்டும் எல்லா மாதத்திலும் கழுதையாகக் கத்தினான். மெதுவாக அல்ல.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வேலூரும் வேணாம், ஒண்ணும் வேணாம். இங்கியே படிக்கட்டும்."

அன்னம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போதகர் டிசம்பரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஆமா, புள்ளைங்க அஞ்சு தானே? இதுல ஆறு வரிசை இருக்குதே."

அவரே சத்தமாகப் படித்தார்.

"ஆறாவது. தேவசகாயம், வயது நாற்பத்திரண்டு. இந்த மாசம் தன் பேரைத் தானே எழுத வேண்டும்."

எல்லாரும் முருங்கை மரத்தைப் பார்த்தார்கள்.

கோயிலில் அவன் தலைகீழாகப் பிடிக்கும் பாட்டுப் புத்தகத்தைப் பதினான்கு வருஷமாக அன்னம்மாள் யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்து வந்தாள். தோலிலும் அந்த வரிசையை மடித்துவிட்டுத்தான் போதகரிடம் காட்டுவதாக இருந்தாள். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தேவசகாயம் மெல்ல நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். நாற்பது ஆள்களை அதட்டி வேலை வாங்கும் மேஸ்திரியின் கையில் கறிக்குழம்பு வாசனை.

"படிக்க மாட்டேன்னு இல்ல. இந்தக் கடைக்குட்டி என்னைய முந்திட்டான்னா இன்னா பண்றது?"

அன்னம்மாள் கடைக்குட்டியைப் பார்த்தாள். அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

"மொத வருஷம் அவன பெயில் ஆக்கிடறேன்," என்றாள், போதகர் காதில் விழாதபடி.