தாழையா, அல்லியா?

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று நாங்கள் பத்துப் பேர் உருவாக்கிய இயங்குதளம் அது. கணினியைத் திறந்ததும் எந்த முகப்புத் திரை வர வேண்டும்? தாழை, அல்லி இரண்டுமே எங்கள் ஆட்கள் எழுதியவைதான். மூன்று மணி நேரமாக வீடியோ கூட்டத்தில் அடிதடி.

"தாழைதான்! அதுக்கு ஈடே கிடையாது!" தொண்டை கிழியக் கத்தினேன்.

"அல்லியோட கால் தூசுக்குப் பெறுமா தாழை?" என்று எகிறினான் எங்கள் குழுவின் கண்ணாடிக்காரன் சோடாபுட்டி.

கடைசியில் வாக்கெடுப்பு. அல்லிக்கு ஆறு, தாழைக்கு நாலு. சோடாபுட்டி நாற்காலியில் ஏறி ஆடினான். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"ஏங்க, தோத்தா தோத்துட்டுப் போகுது. நாளைக்கு டூர் கிளம்பணும், வந்து பெட்டியைக் கட்டுங்க" என்றாள் மனைவி.

"டூராவது ஒண்ணாவது! இனி இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே முடியாது. லட்சம் பேர் அல்லியைத் திறப்பாங்க. ஒரு பட்டன் நகர்ந்தாலும் திட்டுவாங்க."

"அதை எழுதினவர் பார்த்துப்பார். உங்களுக்கென்ன வந்தது?"

"அல்லியை எழுதினதே நான்தான். தாழைதான் சோடாபுட்டியோடது."

கணினி 'டிங்' என்றது. அல்லி மீது முதல் புகார்.

அனுப்பியவன் சோடாபுட்டி.