மூக்குக்குள் பச்சை மணி

"தலையை ஆட்டக் கூடாது, அழவும் கூடாது," என்றபடி டார்ச் அடித்துப் பார்த்தாள் பள்ளி நர்ஸ். மூக்குக்குள் பச்சை மணி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"வீட்டுல சொல்லிடாதீங்க சிஸ்டர்."

"போடுறப்போ புத்தி எங்க போச்சாம்?"

மற்ற துவாரத்தை விரலால் அடைத்தாள். "வாயை மூடிட்டு பலமா சிந்தணும்."

மணி தெறித்து அவள் மடியில் விழுந்தது.

"எதுக்கு இந்த வேலை?"

"ஒண்ணாம் கிளாஸ் பையன், மூக்குல மணி போயிடுச்சுன்னு அழுதான். இவ்வளவு பெருசு எப்படிப் போகும், புளுகுறான்னு நினைச்சு, அவன் கையிலிருந்த இன்னொண்ணை வாங்கி..."

"போட்டே பார்த்துட்டீங்களாக்கும்! இப்பவாவது நம்புறீங்களா, ஹெட்மாஸ்டர் சார்?"

கர்ச்சீப்பால் மீசையைத் துடைத்துக்கொண்டு அவர் எழுந்தார்.

கதவருகே நின்றிருந்த பையன் மூக்கை உறிஞ்சினான்.

"சிஸ்டர், சாருக்கு முடிஞ்சிடுச்சுன்னா என்னோடதையும் எடுக்குறீங்களா?"