பத்தாவது பாடத்தில் பதினோரு நாள்

“ஒரு துணியை முக்கோணமா மடிச்சு, அடிபட்ட கையை அதுல தாங்கவிட்டுக் கழுத்துல கட்டணும். இதுல என்னப்பா புரியல உங்களுக்கு?”

மகள் கேட்டது காதில் விழாத மாதிரி பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“முப்பத்தாறு வருஷம் லாரிக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டின கை உங்களுது. ஒரு கைக்கட்டு போடத் தெரியலைன்னா யாராவது நம்புவாங்களா?”

“லாரிக்கு வலிக்காது. மனுஷனுக்கு வலிக்கும்,” என்றார் அவர்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. விழுங்கிக்கொண்டாள். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, சமையலறை மேசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சண்டை போட நேரமில்லை.

அவள் செய்கிற வேலை அப்படி. நாலு தேசத்து ஆட்களை, வெவ்வேறு வயதுக்காரர்களை, ஒரே திரையில் உட்காரவைத்துச் சேர்ந்து படிக்கவைக்கிற செயலி. ஒருவர் பேசினால் மற்றவருக்கு அவரவர் மொழியில் எழுதிக் காட்டும். நடுவில் ஒரு வெள்ளைப் பலகை. யார் வேண்டுமானாலும் வரையலாம். பேச்சை அது சேமிக்காது, பலகையை மட்டும் படமெடுத்து வைக்கும். சோதித்துப் பார்க்க வயதானவர் ஒருவரும் அகப்படாததால் அப்பாவைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

பாடம் முதலுதவி. மொத்தம் பத்து. ஒவ்வொன்றின் முடிவிலும் ‘புரிந்தது’ என்று ஒரு பொத்தான். நாலு பேரும் அழுத்தினால்தான் மேலே நகரும். பத்தும் முடிந்தால் இந்தக் கூட்டம் கலைந்து வேறு நாலு பேர் வருவார்கள். யார் அழுத்தவில்லை என்று செயலி காட்டிக்கொடுக்காது. படிக்க வந்த யாரும் தலைகுனியக் கூடாது என்று அவளே அப்படிச் செய்திருந்தாள்.

ஒன்பது பாடம் மளமளவென்று ஓடிவிட்டது. கடைசிப் பாடம் மட்டும் பதினோரு நாளாக நகர மாட்டேன் என்கிறது. யாரோ ஒருவர் அழுத்தவில்லை. யார் என்று அவளுக்கா தெரியாது?

நாளைக் காலை மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். நாலு பேரும் சேர்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தாங்களாக ஒரே ஒரு காரியம் செய்ததாகக் காட்டு, இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடலாம் என்று போன வாரமே சொல்லிவிட்டார். ரெண்டு வருஷ உழைப்பு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மூடுவது சுலபம். இதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மேலாளர் சட்டையைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்.

“எனக்கு ஆரம்பத்துலேருந்தே இதுல நம்பிக்கை இல்ல,” என்றார் பெரியவர். “கூடப் படிக்கிற மூணு பேரும் முன்னபின்ன தெரியாத ஆளுங்க. அந்தத் தொப்பிக்காரன் எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறான். சிரிச்சுக்கிட்டே இருக்கிறவனை நான் நம்பறதில்ல. முட்டியில ஆபரேஷன் பண்ணி மூணு வாரம்தான் ஆகுது, கேட்டா வலிக்கவே இல்லைங்கிறான்.”

கண்ணாடிக்காரம்மா மீதும் புகார் இருந்தது. ரொட்டிக் கடையில் வேலை, விடியுமுன் எழுந்துவிட்டு வகுப்பில் கொட்டாவி விடுகிறாளாம். சடைக்காரிக்கு ஒன்பது வயசு. கணக்கில் மார்க் குறைந்ததை வீட்டில் மறைத்து இவரிடம் சொல்லியிருக்கிறாள். ஊர் உலகத்தில் அதற்கு வேறு ஆளா கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டார்.

மணி நாலு. திரையில் மூன்று முகங்களும் வந்தன. சடைக்காரி பொம்மைக் கரடிக்குக் கைக்கட்டு போட்டுக் காட்டினாள். கண்ணாடிக்காரம்மா தன் கைக்கே போட்டுக்கொண்டார். தொப்பிக்காரர் ஒரு குடைக்குப் போட்டார். சடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவர் மகளின் கையை மடக்கி, துணியைக் கோத்து, கழுத்துக்குப் பின்னால் ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டார். கொஞ்சமும் வலிக்கவில்லை.

மகள் அப்பாவையே பார்த்தாள்.

வெள்ளைப் பலகையின் மூலையில் யாரோ ஒரு தொப்பி வரைந்திருந்தார்கள். தினமும் இப்படி ஏதாவது ஒரு கிறுக்கல் இருக்கும். நேற்று மூக்குக்கண்ணாடி. முந்தாநாள் மீசை. படங்களைப் புரட்டும்போதெல்லாம் சின்னப்பிள்ளை வேலை என்று அவள் தள்ளிவிடுவாள்.

“அழுத்துங்கப்பா,” என்றாள். “எனக்காக.”

“அழுத்துனாப் போச்சு.”

தயங்காமல் அழுத்திவிட்டார். பொத்தான் பச்சையானது. மகள் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்தாள்.

‘ஒருவருக்கு இன்னும் புரியவில்லை. நாளை மறுபடி பார்க்கலாம்’ என்றது திரை. மூன்று பேரும் கையாட்டிவிட்டுப் போனார்கள். பலகையும் அந்தத் தொப்பியும்தான் மிச்சம்.

கைக்கட்டை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள் மகள். “அப்ப நீங்க இல்லையா? இத்தனை நாளா உங்களைத்தானே கரிச்சுக் கொட்டினேன்.”

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. மேலாளர் சொன்னது, நாளைக் காலைக் கெடு, ரெண்டு வருஷம் வீணாகப்போவது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பெரியவர் யார் சட்டையையும் பிடிக்கக் கிளம்பவில்லை. மீசையைத் தடவியபடி திருட்டு முழி முழித்தார்.

“நாலு பேரும் சேர்ந்து, யாரும் சொல்லாம, ஒரு காரியம் செஞ்சிருந்தாப் போதுமாம்மா?”

“போதும்ப்பா. அப்படி என்னத்தச் செஞ்சீங்க? ஒரு கைக்கட்டுப் பாடத்தை முடிக்க முடியல.”

“பத்தும் முடிஞ்சா எங்களைப் பிரிச்சிருவீங்கன்னு தெரிஞ்சதும் அந்தச் சடைக்காரி அழுதுட்டாம்மா,” என்ற பெரியவர், பலகையில் இருந்த தொப்பியை விரலால் தொட்டுக் காட்டினார். “அதான் தினமும் ஒருத்தர் அழுத்தாம இருக்கோம், இன்னைக்குத் தொப்பிக்காரன் முறை, எனக்கு நாளன்னைக்குத்தான்.”