பாதியில் நின்ற வைப்பர்

மழை வலுத்துக்கொண்டே போனது. மகளின் நேர்முகத் தேர்வுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். கார் வைப்பரோ அசைவேனா என்றது.

"முக்குக்கடை மெக்கானிக்கிட்ட காலையிலேயே விட்டிருந்தா பத்து நிமிஷ வேலை," என்றாள் மனைவி, குடை பிடித்தபடி.

"அவன்கிட்ட மட்டும் போக மாட்டேன். நானே பார்த்துக்கறேன்."

"நீங்க அதைப் பார்க்கறீங்க, அது உங்களைப் பார்க்குது."

அவர் மூன்றாவது முறையாக நட்டை இறுக்கினார். வைப்பர் பாதிக் கண்ணாடி வரை வந்து நின்றது. லேசாகப் புகை நாற்றம் அடித்தது.

"அப்பா, வீம்புக்கு இதுவா நேரம்?" மகளின் குரல் உடைந்திருந்தது.

அதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை. அடிக்கொரு தரம் இறங்கிக் கண்ணாடியைத் துடைத்தபடி மகளோடு முக்குக்கடைக்கு ஊர்ந்து போய்ச் சேர்ந்தார்.

மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்தார்.

"நோண்டி நோண்டி மோட்டாரையே எரிச்சிட்டீங்க. மாத்த ரெண்டு மணி நேரமாகும்."

மகள் அழத் தொடங்கினாள். மெக்கானிக் கைகளைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தார்.

"அழாதம்மா, என் வேன்ல போயிடலாம். நீங்களும் ஏறுங்க, இன்ஸ்பெக்டர் சார். வைப்பர் மெதுவா ஓடுதுன்னு நேத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நீங்க தகுதிச் சான்றிதழ் தராம திருப்பி அனுப்பின அதே வேன்தான். மெதுவா ஓடினாலும் ஓடும்."