கூரை விளக்கு

ஏரி நடுவில் மிதக்கும் வீட்டில் மின்சாரம் இல்லை, போன் இல்லை. "யாரோட தொல்லையும் இல்லை" என்று அவன் பெருமையடித்துக்கொள்வான். கரையில் குடியிருந்த மனைவியின் அக்காவிடமும், "கூப்பிடாம வராதீங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து மனைவி தினமும் சாயங்காலம் கூரையில் ஒரு லாந்தரை மாட்டினாள்.

"யாருக்கு இந்த வெளிச்சம்?"

"அக்கா பார்ப்பா."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. படகை அவன் சரியாகக் கட்டாததால், அது காற்றில் எங்கோ போய்விட்டிருந்தது. அவனுக்கு நீச்சலும் தெரியாது. அப்போதுதான் லாந்தர் நினைவு வந்தது. ஏற்றி மாட்டினான். யாரும் வரவில்லை. மறுநாள் இரண்டு மாட்டினான்.

நா எழாமல் கிடந்த மனைவி, லாந்தரைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினாள்.

"புரியுதும்மா. இன்னொண்ணும் ஏத்தறேன்."

புதன்கிழமை மூன்று எரிந்தன. வியாழக்கிழமை மண்ணெண்ணெய் தீர்ந்துபோனது. சாயங்காலம் அவள் மூச்சும் நின்றது.

இருட்டி அரை மணி நேரத்தில், டாக்டரை அழைத்துக்கொண்டு அக்கா படகில் வந்து இறங்கினாள்.

"மூணு நாளா ஏத்தி வெச்சேனே, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று அவன் கத்தினான்.

அக்கா தங்கையின் கையை விடவில்லை.

"நீங்கதானே தம்பி, வரக் கூடாதுன்னீங்க. அதான் இவ சொல்லி வெச்சா, விளக்கு எரிஞ்சா நல்லா இருக்கேன், எரியலேன்னா ஓடி வான்னு."

தங்கையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நேத்து மூணு எரிஞ்சுது. ரொம்ப சந்தோஷமா இருக்கான்னு நெனச்சேன்."