பொன்னியம்மாள் சொன்ன வண்டி

அவித்த நெல்லின் ஆவி ரைஸ்மில் களத்தின் மேல் வெள்ளையாகத் தொங்குகிறது. வேலை சுளுவாவதற்கு யாருக்கு என்ன யோசனை தோன்றினாலும் சொல்லலாம் என்று முதலாளி துரைராஜ் கேட்டபோது, கூடையில் சுமப்பதற்குப் பதில் சக்கரம் வைத்த வண்டி செய்யலாம் என்றவள் பொன்னியம்மாள். இன்று வண்டி வந்துவிட்டது, அவளே தள்ளுகிறாள். ஏழெட்டுக் கூடை நெல் ஒரே நடையில் களத்துக்குப் போய்ச் சரிகிறது. முதலாளியின் கைதட்டல் மட்டும் தகரக் கூரையில் மோதித் திரும்புகிறது. கூடை தூக்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், தலையில் வைத்த சும்மாட்டைக்கூட எடுக்காமல் சுவரோரம் நிற்கிறார்கள். "உனக்கு நல்ல மூள கீதும்மா!" என்று முதலாளி அவளிடம் ஒரு புதுப் புடவையை நீட்டுகிறார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்குகிறாள். சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தி, அவளுடைய நாத்தனார் கண்ணகி, கூடையோடு முன்னால் வருகிறாள். "நாளைக்கி எத்தினி பேரு வர்றது மொதலாளி?" துரைராஜ் சிரிக்கிறார். "இன்னாத்துக்கு என்னக் கேக்கற? வண்டி பொன்னியம்மாளோட யோசனை. ஆள் வெக்கிறதையும் இனிமே அவளே பாத்துக்கட்டும்." எல்லாக் கண்களும் பொன்னியம்மாள் பக்கம் திரும்புகின்றன. கண்ணகி கூடையை மெதுவாகத் தரையில் வைக்கிறாள். புதுக்கஞ்சி வாசனை அடிக்கும் புடவையைப் பொன்னியம்மாள் வண்டியின் மேல் வைக்கிறாள். வண்டிக்கு இரண்டு பேர் போதும் என்பது அங்கே எல்லோரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.